பிரகாசி பிரிச்ச குவியல்

ஒரு ஊர்ல, கடலு வாசப்படி வரைக்கும் வர்ற ஊர்ல, பிரகாசின்னு ஒருத்தி இருந்தா. வலைல வர்றத இனம் பிரிக்கிறது அவ வேலை. முதுகுல முள்ளு ஓடுற மீனெல்லாம் ஒரு குவியல். ஓடும் மடங்குற காலும் உள்ள நண்டு, இறாலு ஒரு குவியல். எலும்பே இல்லாம கொழகொழன்னு கணவாய், அதுக்குச் சொந்தக்கார சங்கு, அது ஒரு குவியல். சொறிமீன மட்டும் குச்சியால கடல்லயே தள்ளிருவா, தொட்டா அரிக்கும். அவ பிரிச்சா பிரிச்சதுதான், ஊரு மறுபேச்சு பேசாது. "ம்" சொல்லு. ம், அப்படி.

அப்புறம் ஒரு மத்தியானம் அவ புருஷன் சூசை வலைல என்னமோ ஒண்ணு மாட்டிக்கிச்சு. கன்னுக்குட்டி பெருசு, வழுவழுன்னு சாம்பல் நிறம், வாலு மட்டும் மீன் வாலு. ஊர்ல ஒருத்தரும் அதைப் பாத்ததில்ல. பெரிய மீனு உசுரோட கெடச்சா வாலுல கயிறு கட்டி, கரையோரத்துத் தண்ணில ஒரு முளைல முடிஞ்சு விடுறது அவங்க வழக்கம். தண்ணிலயே கெடந்தா கெட்டுப் போகாதுல்ல. சூசையும் அப்படியே கட்டிட்டு, என்ன இனம்னு பாத்து வைன்னு சொல்லிட்டு வண்டி கொண்டார போய்ட்டான். பாதி ஊரு சேர்ந்து இழுத்த வலை, பாதி ஊருக்கும் அதுல பங்கு.

அப்போ பாரு, கடலு ஏற ஆரம்பிச்சிருச்சு. சளப்... சளப்... முழங்கால் தண்ணி இடுப்புக்கு வந்துருச்சு. அது தலையத் தூக்குது, கயிறு இழுக்குது, தொபுக்குன்னு உள்ள போகுது. மறுபடி தூக்குது, தொபுக். மீனு தண்ணிக்குள்ள எதுக்கு இப்படித் தவிக்குதுன்னு பிரகாசிக்குப் புரியல. எறங்கிட்டா.

மொதல்ல முதுகத் தடவுனா. உள்ள எலும்பு ஓடுது. அப்போ நண்டுக் கூட்டமும் இல்ல, கணவாய்க் கூட்டமும் இல்ல. செதிலு கெடையாது. கெளுத்திக்கும்தான் கெடையாது, அதனால என்ன.

அப்புறம் கன்னத்துல செவுளத் தேடுனா. இந்தப் பக்கம் இல்ல. அந்தப் பக்கமும் இல்ல. செவுளு இல்லாதது தண்ணிக்குள்ள எப்படி மூச்சு விடும்? தூங்கிட்டியா? ம். இவ சட்டுன்னு அதோட தலைய ஏந்தி மேல தூக்குனா பாரு, மூக்கு தொறந்து ப்பூஸ்ஸ்னு ஒரு மூச்சு.

ஆனா எம்புட்டு நேரம் தூக்கி வச்சிருப்பா? கன்னுக்குட்டி கனம். தண்ணி மாருக்கு வந்துருச்சு. இடுப்புல மீன்கத்தி இருக்கு, அறுத்தா ஊரு சும்மா விடுமா? ஆமையும்தான் மூச்சு வாங்க மேல வருது, அதுக்காக ஆமைய யாரு விட்டாங்க?

அப்போ அதோட வாயி அவ விரலத் தேடிப் பிடிச்சுச்சு. வாயச் சுத்திக் குத்துகுத்துன்னு முடி. சர்ரு சர்ருன்னு சப்புது. வீட்டுத் தூளில இவளுக்கு ஒரு கைப்புள்ள கெடந்துச்சு. விரலு இழுபட்ட அந்த நிமிஷம் பிரகாசிக்குப் பாலு சுரந்துருச்சு. அத்தனை ஜில்லுத் தண்ணிலயும் சூடா எறங்குனது தெரிஞ்சுது. அழுதுட்டா. அங்க ஆழத்துல பெருசு ஒண்ணு சுத்திச் சுத்தி வருது, அதோட தாயி.

தலைய விட்டுட்டு முங்குனா. ஒரு அறுப்பு, கத்தி வழுக்குது. இன்னொரு அறுப்பு, பாதிக் கயிறுதான் போச்சு. மூச்சு முட்டுது, இவளுக்கும்தான் செவுளு இல்லையே. மூணாவது அறுப்பு... சரக்.

மேல வந்தா. பக்கத்துலயே ப்பூஸ்ஸ். தூரத்துல பெருசா இன்னொரு ப்பூஸ்ஸ். அதுக்குப் பேரு ஆவுளியா, பாலு குடுத்து வளக்குற கடல்பசு.

சூசை வண்டியோட வந்தான், பின்னால ஊரே வந்துச்சு. பாத்தா வெறுங்கயிறு.

"ஏ புள்ள, அது எங்க? எந்தக் குவியல்ல போட்ட?"

பிரகாசி ஈரத்தோட நின்னா. தலை குனியல.

"ஆடு, மாடு, நீங்க, நானு, நம்ம புள்ள, எல்லாரும் இருக்கிற குவியல்ல போட்டேன்."

அவ பிரிச்சா மறுபேச்சு ஏது. சூசை எறங்கிப் போயி, முளைல இருந்த மிச்சக் கயித்தையும் அவுத்துட்டு வந்தான்.

கதை கடலுக்குப் போயிருச்சு, நீ தூக்கத்துக்குப் போ.