பாத்தித் தண்ணீர் சிவந்த கதை

அந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கும் வாய் இருந்தது. உப்பளத்துத் தண்ணீருக்கு அப்போது நிறமே கிடையாது. வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாத தண்ணீர். உப்பு பூப்பதற்குள் ஐப்பசி வந்துவிடும்; பூத்த கொஞ்சத்தையும் மழை கரைத்துவிட்டுப் போகும்.

உப்பு இல்லையென்றால் கருவாடு இல்லை. கருவாடு இல்லையென்றால் மழை மாதங்களில் கரையில் அடுப்பு எரியாது. உப்புப் பாத்தியில் பாடுபட்ட சுடலி போன மழையில் தன் மூத்த மகளைப் பசிக்குப் பறிகொடுத்திருந்தாள். மிச்சம் இருந்தது இளையவள் பேச்சி மட்டும்தான். இந்த வருஷமும் பாத்தி ஏமாற்றினால் அவளையும் மண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு நாள் பாத்தி ஓரத்திலிருந்து பொடிப்பொடியாகக் குரல்கள் வந்தன.

“தாயி, குளத்துலயும் பொழைக்க முடியல, ஆத்துலயும் பொழைக்க முடியல. இங்கன ஒரு ஓரமா இருந்துக்கிடட்டுமா?”

யாரோ விரட்டிவிட்டார்கள் போல என்று நினைத்தாள் சுடலி. “இந்தக் கரிப்புல எந்தச் சீவன் பொழைக்கும்? சரி, இருந்துட்டுப் போங்க.”

“சும்மா இருக்க மாட்டோம். வெயிலப் புடிச்சு வச்சுத் தாறோம்.”

சொன்னபடியே செய்தன. தண்ணீர் கொதித்து, ஓரத்தில் உப்பு பூத்தது. சுடலிக்குக் கண் கலங்கிவிட்டது. பதிலுக்குக் கொடுக்க அவளிடம் என்ன இருந்தது? காலெல்லாம் நோக நடந்து சுமந்து வந்த ஒரு குடம் நல்ல தண்ணீர்தான். வரப்பில் பேச்சி தொண்டை வறண்டு அழுதுகொண்டிருந்தாள்.

“செத்த பொறுடி. உப்புக்குள்ள கெடந்து வேகுதுக, பாவம்” என்று மகளை அதட்டிவிட்டு, பாதிக் குடத்தை ஓரத்தில் ஊற்றினாள். தாகம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டாள், பாவி. குளத்திலும் ஆற்றிலும் பிழைக்க முடியவில்லை என்று அவை முதல் நாளே சொன்னது அவள் மண்டையில் ஏறவே இல்லை.

நல்ல தண்ணீர் பட்டதும் அந்தச் சின்ன உடம்புகள் உப்பி வெடித்தன. ஊற்றிய இடமெல்லாம் ரத்தமாகச் சிவந்தது.

“அய்யோ, எம் புள்ளைகளா!” என்று சுடலி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

தப்பிப் பிழைத்தவை மெல்லச் சொன்னன: “உப்புதான் தாயி எங்க உடம்பக் கட்டி வச்சிருந்துச்சு. நீ வேணும்னு செய்யல. ஆனா கண்ணுக்குத் தெரியாம இருந்தா யாரு வேணும்னாலும் எங்களக் கொன்னுட்டுப் போயிருவாக. இனி செத்தவங்க நெறத்த நாங்க உடுத்திக்கிடுதோம்.”

பாத்தி முழுக்கச் சிவந்தது. சிவந்த தண்ணீர் வெயிலை முன்னைவிட இறுக்கிப் பிடித்தது. மழைக்கு முன்பே உப்பு குவிந்தது, பேச்சி பிழைத்தாள். சுடலி மட்டும் சாகும்வரை உப்பில்லாத கஞ்சிதான் குடித்தாள்.

அன்று முதல்தான் உப்பு விளையும் முன் பாத்தித் தண்ணீர் சிவக்கிறது. குடித்து மீந்த தண்ணீரை உப்பளத்துப் பெண்கள் வரப்புக்கு வெளியே போய்க் கொட்டுவதும் அன்று முதல்தான்.