அடுத்த அடி

துரைப்பாண்டி மட்டையை வீசினால் பந்து முந்நூறு யார்டைத் தாண்டித்தான் விழும். அந்தத் தூரத்துக்காகவே வைகை கோல்ஃப் அணி அவரை எடுத்திருந்தது. எந்தப் பக்கம் விழும் என்பது மட்டும் அவருக்கே தெரியாது.

போன பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அவர் அடித்த பந்து மைதானத்துக்கு வெளியே போய்விட்டது. அணி தோற்றது. அன்றிலிருந்து அடிக்கும் மேடையில் ஏறினாலே அவருக்கு நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். யாரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை.

இந்தப் பருவத்தில் கடைசி இடத்தில் வரும் அணியைக் கலைத்துவிடுவார்கள். வைகை அணிதான் கடைசியில் இருந்தது. மிச்சம் ஒரே ஓர் ஆட்டம். மலைமேல் இருந்த கோல்ஃப் மைதானத்தில், இரண்டு பேர் சேர்ந்து ஒரே பந்தை மாறி மாறி அடிக்கும் ஆட்டம். ஒருவர் அடித்த பந்து எங்கே கிடக்கிறதோ, அங்கிருந்து மற்றவர் அடிக்க வேண்டும்.

துரைப்பாண்டிக்கு ஜோடி அஸ்லம். அவனால் அதிக தூரம் அடிக்க முடியாது. ஆனால் நினைத்த இடத்தில் பந்தை வைப்பான்.

கோச் பெனடிக்டா துரைப்பாண்டியைவிட நான்கு வயது சின்னவர். தோள் எலும்பு உடையும்வரை அவரும் ஆடியவர். ஒரு பேச்சுக்கு ஒரு பதில், அவ்வளவுதான் அவரிடம் கிடைக்கும்.

மலைக்கு வந்த முதல் நாள் காலை, கடைசிக் குழிக்கான மேடையில் மூவரும் நின்றார்கள். வலப்பக்கம் முழுக்கச் சோலைக்காடு. எதிரே புல்வெளி இறங்கி, ஒரு குளத்தைத் தாண்டி, மறுபடி மேலேறியது. கொடி குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. பனிமூட்டம் வந்து வந்து போனது.

"கோச், ஒண்ணு கேக்கணும்," என்றார் துரைப்பாண்டி. "நான் தூரமா அடிக்கணுமா, நேரா அடிக்கணுமா?"

"அடிங்க."

அவர் பெரிய மட்டையை எடுத்து அடித்தார். பந்து வானத்தில் வெகுநேரம் இருந்தது. பிறகு வலப்பக்கம் வளைந்து, காட்டுக்குள் மறைந்தது.

கோச் அஸ்லமைப் பார்த்தார். அவன் ஒன்றும் கேட்காமல் ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தான். மரங்களுக்குள் நுழைந்தான். பின்னாலேயே பனி இறங்கி, காட்டை மூடிக்கொண்டது.

இருவரும் காட்டின் ஓரம்வரை போய்க் காத்திருந்தார்கள். பந்தை அடிக்கும் சத்தம் வரவில்லை.

அப்போது உள்ளேயிருந்து ஒரு மூச்சு கேட்டது. மனித மூச்சு இல்லை. கனமான, ஈரமான சீறல். அதைத் தொடர்ந்து கிளைகள் முறியும் ஓசை.

"காட்டெருமை," என்றார் துரைப்பாண்டி.

"அஸ்லம்!" என்று கோச் கூப்பிட்டார். பதில் இல்லை. அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

துரைப்பாண்டி ஓடிவிட நினைத்தார். காட்டுக்குள்ளா, காட்டை விட்டா என்று அவருக்கே தெரியவில்லை. கிளை முறிகிற சத்தம் கிட்டே வந்தது. நின்றது. பிறகு மெல்ல மெல்ல விலகிப் போனது.

வெகுநேரம் கழித்து அஸ்லம் வெளியே வந்தான். முழங்கால்வரை சேறு. கன்னத்தில் முள் கிழித்த கோடு. மட்டை கையில் இல்லை.

"மரத்துக்குப் பின்னால நின்னேன் அண்ணே. அது என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு," என்றான். புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

துரைப்பாண்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு பயிற்சிப் பந்து கோச்! அதுக்காக அவனை அங்க அனுப்புவீங்களா?"

"மிருகம் இருக்கும்னு நான் நினைக்கல. தடுத்திருக்கணும், தடுக்கல. அது என் தப்பு," என்றார் கோச். "ஆனா அனுப்பினது நான் இல்ல. உங்க பந்து."

மறுநாள் துரைப்பாண்டி பெரிய மட்டையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. சின்ன மட்டையால் மெதுவாக அடித்தார். பந்து புல்வெளியின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தது. மறுபடி அடித்தார். மறுபடியும் நடுவில். அவருக்கு மூச்சு சீராக வந்தது.

அங்கிருந்து அஸ்லம் அடித்தான். பந்து குளத்தில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அவன் உடம்பையே முறுக்கி அடித்துப் பார்த்தான். அதுவும் தண்ணீருக்குள் போனது. மதியத்துக்குள் அவன் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

"நான் நேராத்தானே வச்சேன்?" என்றார் துரைப்பாண்டி.

"வச்சீங்க," என்றார் கோச்.

"அப்புறம் என்ன கோச்?"

"வச்ச இடத்துல போய் நின்னு பாருங்க."

துரைப்பாண்டி போய் நின்றார். கொடி தீக்குச்சி அளவில் தெரிந்தது. அதற்கும் அவருக்கும் நடுவில் குளம் முழுசாக விரிந்து கிடந்தது. எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

திரும்பி வந்தார்.

"அங்கேருந்து அடிக்க எனக்கே பயமா இருக்கு."

கோச் அஸ்லமின் கொப்பளித்த கைக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தார்.

ஆட்ட நாள் வந்தது. பதினேழு குழிகள் முடிந்தபோது இரண்டு அணிகளும் சமம். கடைசிக் குழியில் வைகை அணியின் முதல் அடி துரைப்பாண்டியுடையது. எதிரணிக்காரர்கள் முதலில் அடித்தார்கள். அவர்கள் பந்து புல்வெளியைத் தாண்டி நெட்டைப் புல்லுக்குள் போய் விழுந்தது. கூட்டம் முனகியது. இனி இவர் அடிக்க வேண்டும்.

துரைப்பாண்டி பைக்குள் கையை விட்டார். பெரிய மட்டையைத் தொட்டார். விட்டார். சின்னதைத் தொட்டார். அதையும் விட்டார். அணியில் இருந்த அத்தனை பேரும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் இந்த வேலையை நம்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள்.

அணி ஆட்டத்தில் கோச்சிடம் யோசனை கேட்கலாம். அவர் கோச்சிடம் போனார்.

"சொல்லிடுங்க கோச். தூரமா, நேரா?"

"அடுத்த அடி யாரோடது?"

துரைப்பாண்டி மேடையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அஸ்லம் நின்ற இடத்துக்கு நடந்தார். அவன் மேடைக்குப் பின்னால் தனியாக நின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, உனக்குப் பந்து எங்க வேணும்?"

அஸ்லம் புரியாமல் பார்த்தான்.

"என்ன அண்ணே?"

"எந்த இடத்துலேருந்து அடிச்சா உனக்கு வசதி? சொல்லு, அங்க வைக்கப் பாக்குறேன்."

அவன் புல்வெளியைக் கூர்ந்து பார்த்தான். இடப்பக்கம் கை நீட்டினான்.

"அந்த மணல்குழிக்கு இந்தப் பக்கம் ஒரு மேடு இருக்குண்ணே. அதுக்குக் கீழ நின்னா கொடி தெரியும், குளம் தெரியாது. குளம் தெரியலைன்னா நான் அடிச்சிடுவேன்."

அது பெரிய மட்டைக்கு மிகக் கிட்டே. சின்ன மட்டைக்கு எட்டாது. கொஞ்சம் கூடினால் மணலில் புதையும். துரைப்பாண்டி இரண்டுக்கும் நடுவில் ஒரு மட்டையை எடுத்தார். அடித்தார்.

பந்து மேட்டில் பட்டு, ஒரு துள்ளல் துள்ளி, மணல் விளிம்பை நோக்கி உருண்டது. விளிம்புப் புல்லில் சிக்கி நின்றது. அவன் கேட்ட இடத்துக்கு நாலு எட்டு தள்ளி.

"போதும்ணே," என்றான் அஸ்லம்.

அங்கிருந்து அவன் அடித்த பந்து குளத்தைக் கடந்து, கொடியிருந்த மேட்டில் ஏறி நின்றது. துரைப்பாண்டி அதைக் குழிக்குப் பக்கத்தில் உருட்டிவிட்டார். அஸ்லம் தட்டி உள்ளே போட்டான். எதிரணிக்கு ஓர் அடி கூடுதலாகத் தேவைப்பட்டது. வைகை அணி பிழைத்தது.

எல்லோரும் அஸ்லமைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள். துரைப்பாண்டி ஒதுங்கிப் போய் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்தார். கோச் வந்து பக்கத்தில் நின்றார்.

"ஜெயிச்சாச்சு. ஆனா பயம் போகவே இல்ல கோச்," என்றார் துரைப்பாண்டி. வலது கையை நீட்டிக் காட்டினார். "இதைப் பாருங்க. எப்படி நடுங்குதுன்னு பாருங்க."

கோச் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு, கூட்டத்தின் நடுவில் சிரித்துக்கொண்டிருந்த அஸ்லமைப் பார்த்தார்.

"நீங்க போய்க் கேக்குறவரைக்கும் அவன் கையும் அப்படித்தான் இருந்துச்சு," என்றார்.