நெரீனாவின் தாடி

இது எனக்குக் காதுவழி வந்த கதை. சொன்னவருக்கும் வேறொருவர் சொன்னதாம். கூட்டாமல் குறைக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

பழைய ரோமில் நுமீசியஸ் என்ற இளைஞன் விபியஸ் என்ற கவிஞரிடம் கவிதை பயின்றான். ஒருநாள் மாலை விருந்தில் அவன் முதன்முறையாகக் காதல் கவிதை வாசிக்க வேண்டும். அன்று காலையிலேயே குருவிடம் ஓடிவந்தான்.

"கிரேக்கக் கவிதைகளைப் பார்த்து எழுதினாயா?"

"ஆமாம் குருவே. அங்கே ஆண் ஆணைப் பாடுகிறான். நான் பெண்ணாக மாற்றிவிட்டேன். நெரீனா என்று பெயர்."

"ஏன் மாற்றினாய்?"

"ஊர் சிரிக்கும்."

"சரி, வாசி."

கண், தேன், உறங்காத இரவு எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு, "நெரீனா, மாவு படிந்த உன் தாடி…" என்று வாசித்தவன் அப்படியே நின்றான்.

விபியஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாவம், அந்தப் பெண் சவரம் செய்ய மாட்டாளா?"

நுமீசியஸின் காதுகள் சிவந்தன. "பெயரை மாற்றியவன் தாடியை மறந்துவிட்டேன். அது கிரேக்கத்திலிருந்து வந்தது."

"எந்தக் கவிதைச் சுருளில்? நான் படித்த எதிலும் மாவு படிந்த தாடி இல்லை. நம் தெருமுனை ரொட்டிக் கடையில்தான் இருக்கிறது."

ரொட்டிக் கடைக்காரன் ருஃபியோ. விருந்துக்கு ரொட்டி கொண்டுவரப் போவதும் அவன்தான். நுமீசியஸ் யாரோ ஒரு பெண்ணின் பெயரை அவன் காதுபடவே வாசிக்க வேண்டும்.

"அந்த வரியை அழித்துவிடுகிறேன் குருவே."

"அழித்துக்கொள். அதற்கு முன் இதை நெரீனாவின் வாசலில் மாட்டிவிட்டு வா." விபியஸ் ஒரு பூமாலையை நீட்டினார். "காதலிப்பவர்கள் செய்வதுதானே?"

"நெரீனா என்று யாருமே இல்லையே!"

"அப்படியானால் தேட நேரமாகும். சீக்கிரம் கிளம்பு."

நண்பகலில் திரும்பி வந்தான். கையில் மாலை இல்லை. ஒரு கன்னத்தில் மாவு இருந்தது.

"மாட்டினாயா?"

"ருஃபியோவே வாங்கித் தன் கடை வாசலில் மாட்டிக்கொண்டான். 'ஒற்றை ஆள் தினமும் இத்தனை ரொட்டி வாங்கி என்னதான் செய்கிறாய் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்' என்றான்."

விபியஸ் மறுபடி சிரித்தார்.

"குருவே, விருந்தில் எந்தப் பெயரை வாசிப்பது?"

"கன்னத்தைத் துடைத்துவிட்டுப் போனால் நெரீனா. துடைக்காமல் போனால் உனக்கே தெரியும்."

நுமீசியஸ் கையைக் கன்னம் வரை கொண்டுபோனான். பிறகு இறக்கிக்கொண்டான்.

பின்னாளில் நூலகத்தில் தேடிப் பார்த்தேன். இந்தக் கவிதை எங்கும் அகப்படவில்லை. வாசலில் மாலை மாட்டும் வழக்கம் மட்டும் உண்மை. பழைய கிரேக்கக் கவிதைகளில், ஆண்களின் வாசலிலும் ஆண்கள் மாட்டியிருக்கிறார்கள்.