கடைசி அடியைக் கேட்காத தர்மாதிகாரி

மருதங்கோட்டைச் சமஸ்தானத்தில் நரசய்யர் என்று ஒரு தர்மாதிகாரி இருந்தார். ஊரார் ஒழுக்கத்தை மோப்பம் பிடிப்பதுதான் உத்தியோகம். பாட்டில் காதல் என்று வந்துவிட்டால் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொள்வார். அப்பேர்ப்பட்ட புனிதர்! அரசவை விகடகவி தாண்டவனுக்கு அவரைக் கண்டாலே குமட்டும்.

நவராத்திரிக் கச்சேரியில் அரண்மனைப் பாடகி முத்துமீனாள் ஒரு காதல் பதம் பாட எடுத்தாள்.

"கட்டினவன் இலைமுன்னே கைகூசிச் சோறிட்டேன்,
சுட்டதடி என்நெஞ்சு, செய்ததெல்லாம் துரோகமடி..."

அவ்வளவுதான். நரசய்யர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். அரசர் சேதுரங்க பூபதியோ வழக்கம்போல முதல் பாட்டிலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் சபையில் வழக்கு. நரசய்யர் கையோடு நாவிதனையும் கூட்டி வந்திருந்தார்.

"மகாராஜா, புருஷனுக்குத் துரோகம் செய்தேன் என்று இவளே வாயால் ஒப்புக்கொண்டாள். தலையை மொட்டையடித்து எல்லைக்கு வெளியே துரத்த வேண்டும்!"

"ஐயோ, அது யாரோ எழுதின பாட்டு சாமி! வெறும் பாட்டு!" என்று அழுதாள் முத்துமீனாள். "அதற்கு மத்தளம் தட்டினதே என் வீட்டுக்காரர்தான்!"

"மனசில் இல்லாதது வாயில் வருமா? பாட்டில் வரும் ஒவ்வொரு சொல்லும் சாட்சி!"

தாண்டவன் எழுந்து கும்பிட்டான்.

"மெத்தச் சரி ஐயா. ஒவ்வொரு சொல்லும் சாட்சி. ஆனால் தப்பு ஒருத்தியால் மட்டும் ஆகாதே? கூட்டாளிக்கும் அதே தண்டனைதானே?"

"சந்தேகமென்ன? எவனாயிருந்தாலும் மொட்டைதான்!"

"நாவிதரே, கத்தியை நன்றாகத் தீட்டி வையும். அம்மா, கடைசி அடியைப் பாடு."

முத்துமீனாள் பாடினாள்.

"கேட்டால்நான் யார்பெயரைச் சொல்வேனடி? என்னைக்
கெடுத்தவன் சேதுரங்க பூபதியடி!"

எந்தப் பதமானாலும் கடைசி அடியில் நாயகனாகத் தம் பெயர்தான் வரவேண்டும் என்று உத்தரவு போட்டவரே அரசர்தான். திரைக்குப் பின்னால் மகாராணியின் வளையல் கலகலத்தது. அரசரின் கை தானாகக் குடுமியைத் தடவிப் பார்த்தது.

நரசய்யருக்கு வேர்த்துக் கொட்டியது. தடாலென்று காலில் விழுந்தார்.

"மகாராஜா! அது வெறும் பாட்டு! வெறும் பாட்டு!"

"அடடா!" என்றான் தாண்டவன். "இதைத்தானே ஐயா அந்தப் பெண் காலையிலிருந்து கதறிக்கொண்டிருக்கிறாள்? உங்கள் காதிலிருந்து விரலை எடுக்க அரசர் தலை தேவைப்பட்டதா?"

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமீனாளுக்குப் பட்டுப்புடவை, தாண்டவனுக்கு முத்துமாலை.

"நாவிதனைச் சும்மா அனுப்பாதீர்கள்," என்றார் அரசர், நரசய்யரின் குடுமியைப் பார்த்தபடியே.