பல் போடும் வயசு

"எவனோ ஒரு நாசமாப் போனவன் என்ற பையனைக் கெடுத்துப்போட்டானுங்க சாமி. அவன் மட்டும் கையில கிடைக்கட்டும், எலும்பை எண்ணிப் போடறேன்."

மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே செங்கோடன் கத்திக்கொண்டு வந்தார். ஒரு செருப்பு வாசலில் விழுந்தது. இன்னொன்று எங்கே விழுந்ததென்று அவர் பார்க்கவில்லை.

செங்கோடன் மாட்டுத் தரகர். பன்னிரண்டு வயதில் மாடு ஓட்டும் கூலியாகச் சந்தைக்குள் நுழைந்து, மிதிபட்டும் ஏமாந்தும் ஏமாற்றியவனின் சட்டையைப் பிடித்தும் ஆளானவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எழுத்துத் தெரியாது. ஆனால் ஒரு மாட்டின் வாயைப் பிளந்து பார்த்தால் போதும், அதன் ஜாதகத்தையே ஒப்பித்துவிடுவார். நாற்பத்தெட்டு வயதாகியும் கோபம் மட்டும் இன்னும் கன்றுக்குட்டியாகவே துள்ளிக்கொண்டிருந்தது.

மடத்தில் இருந்த வேலப்ப சாமிக்கு வயது முப்பத்திரண்டுதான். ஐந்து வருஷம் முன்பு மடத்து எருது ஒன்றுக்கு விலை பேசச் செங்கோடன் வந்திருந்தார். அவர் சொன்ன முதல் விலைக்கே சாமி தலையாட்டிவிட்டார். பேரம் பேசாத ஒரு மனிதனைச் செங்கோடன் அதுவரை கண்டதில்லை. வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்கவில்லை. "ஏனுங்க சாமி, பேரம் பேசலை?" என்று கேட்க மறுவாரம் திரும்பி வந்தார். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் சந்தை கலைந்ததும் வந்து சீடராக உட்கார்ந்துகொண்டிருக்கிறார்.

"உட்காருங்க தரகரே" என்றார் சாமி.

"உட்கார வரலீங்க. ஆளைத் தேடறதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"என்ன பண்ணினான் அந்த ஆளு?"

செங்கோடன் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"பூபதி ஒன்பது நாளாச் சோறு திங்கலீங்க. அவங்கம்மா அழுதா ரெண்டு வாய், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போறதில்ல, பந்து விளையாடப் போறதில்ல. கதவைச் சாத்திக்கிட்டு சுவத்தைப் பார்த்துக்கிட்டே படுத்திருக்கான். கேட்டா, நான் சாகப்போறேன், சாகறவனுக்கு எதுக்குச் சோறுங்கறான். பதினாலு வயசுப் பையன் பேசற பேச்சுங்களா இது?"

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"போனேனுங்க. ரத்தம் எடுத்தாங்க, படம் எடுத்தாங்க. ஒரு குறையும் இல்ல, வளர்ற பையன், நல்லாத் திங்கட்டும், தூங்கட்டும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இவன் நம்பினாத்தானுங்களே. நான் போய் டாக்டரம்மாகிட்ட அப்படிச் சொல்லச் சொல்லிட்டேனாம். செத்துப்போறவன்கிட்ட எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்களாம்."

செங்கோடன் மடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். மஞ்சள் நிற நோட்டீஸ்.

"மெத்தைக்கடியில இருந்துச்சுங்க. கூடவே ஒரு லேகிய டப்பா. அவங்கம்மா சாந்தாமணி பாதி படிச்சா, அப்புறம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. மீதியை யாருகிட்டப் போய்ப் படிக்கச் சொல்றது?"

சாமி நோட்டீஸை வெளிச்சத்தில் பிடித்து, சந்தைக் கணக்கு வாசிப்பதுபோல் ஒரே குரலில் படித்தார்.

"வாலிபர்களே, எச்சரிக்கை. முகத்தில் பரு. குரலில் கரகரப்பு. கை கால் நீண்டு உடல் மெலிதல். காரணம் இல்லாத கோபம், காரணம் இல்லாத அழுகை. உறக்கத்தில் தானாக நேரும் கசிவு. இவை ஐந்தும் இருந்தால் உங்கள் உயிர்ச்சத்து வடிந்துகொண்டிருக்கிறது. ஆயுள் இன்னும் சில மாதங்களே. உடனே எங்கள் லேகியம்."

செங்கோடன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"பூபதிக்கு இதெல்லாம் இருக்கா?" என்றார் சாமி.

"அஞ்சும் இருக்குதுங்களாம். அதுக்குத்தான் சாவறேங்கறான்."

"இதை யார் விற்கிறது?"

"நம்ம சந்தையிலதானுங்க. மேக்கால மூலையில, கூடாரம் போட்டு மைக்குல கத்துவானே."

"வாராவாரம் அவனைத் தாண்டித்தானே தண்ணி குடிக்கப் போறீங்க?"

"ஆமாங்க."

"ஒருநாளாவது நின்னு கேட்டீங்களா?"

"எனக்கெதுக்குங்க அது? எனக்கு என்ன பதினாலு வயசா?" என்று சீறினார் செங்கோடன். "இன்னிக்கு முளைக்குச்சியோட பிடுங்கி வீசலாம்னு போனேன். எவனோ துப்புக் கொடுத்துட்டான், கூடாரத்தையே காணோம். போலீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கேன். அவன் எந்தச் சந்தையில போய்க் கடை போட்டாலும் விடமாட்டேன்."

"விடாதீங்க" என்றார் சாமி. "அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுங்க. கொட்டில்ல மயிலை நிறக் கன்னு ஒண்ணு நிக்குது. அதுக்கு ஏதோ சீக்கு. அடிமாட்டுக்குத் தள்ளிடலாம்னு இருக்கேன். இன்னிக்கே ஆள் பிடிச்சுக் கொடுங்க."

செங்கோடனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமி வாயில் அடிமாடா? எழுந்து அவர் பின்னாலேயே கொட்டிலுக்கு நடந்தார்.

காளைக்கன்று கட்டுத்தறியில் கொம்பைத் தேய்த்துக்கொண்டு நின்றது. ஆளைக் கண்டதும் முறைத்தது. முன்னங்காலால் மண்ணைக் கிளறியது.

"பாருங்க" என்றார் சாமி. "சோளத்தட்டு போட்டா முகர்ந்துட்டு விட்டுடுது. கிட்டப் போனா முட்ட வருது. போன மாசம் வரைக்கும் என் கையை நக்கிக்கிட்டு இருந்த கன்னு. எலும்பு எலும்பா நீண்டு போச்சு. கழுத்தும் திமிலும் கறுத்துப்போச்சு. கத்தினா வேற எதுவோ கத்தற மாதிரி இருக்கு. இது தேறாது."

செங்கோடன் வேட்டியை மடித்துக் கட்டினார். கன்றின் பக்கவாட்டில் போய் நின்றார். முதுகைத் தடவினார். ஒரு கையால் மூக்கைப் பிடித்து, மறுகை விரலால் கீழுதட்டை இழுத்துப் பார்த்தார். விட்டுவிட்டு வேட்டியில் கையைத் துடைத்தார். பிறகு தன் குருவை அவர் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது.

"சாமி, இது சீக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"பார்த்தாலே தெரியலையா?"

"என்ன தெரியுதுங்க? பால்பல்லு விழுந்து ரெண்டு பல்லு போடுது. ஈறு வலிக்கும், தட்டைக் கடிக்க முடியாது. கடிக்க முடியாத கன்னுக்கு முன்னாடி காஞ்ச தட்டைப் போட்டா முகர்ந்துட்டு விடாம என்ன பண்ணும்? கன்னு காளையாகறப்பத் திமிலு கறுக்கத்தான் செய்யும். குரலு மாறத்தான் செய்யும். இத்தனை நாள் நக்கிச்சு, இப்ப முட்ட வருதுன்னா அதுக்குத் தான் யாருன்னு தெரிய ஆரம்பிச்சிருக்கு. அதைப் போய்ச் சீக்குங்கறீங்களே."

"எலும்பா இருக்கே?"

"முதல்ல நீளம் போடும். அப்புறம் அகலம் போடும். எல்லாம் ஒரே நாள்ல வந்துருங்களா?"

"பக்கத்துத் தோட்டத்துக் கன்னு இதே வயசு. பாதி உயரம்கூட இல்லை. அப்போ அதுக்குத்தான் சீக்கோ?"

"அய்யோ சாமி. ஒண்ணு முன்னாடி போடும், ஒண்ணு பின்னாடி போடும். சந்தையில வந்து பாருங்க, ஒரே மாசத்துல பொறந்த நாலு கன்னு நாலு மாதிரி நிக்கும். நாலும் காளையாகும்."

"அப்போ என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

செங்கோடன் துண்டை உதறித் தோளில் போட்டார். இந்த விஷயத்தில் அவரை எந்தக் கொம்பனாலும் அசைக்க முடியாது.

"பருத்திக்கொட்டையை ஊறவெச்சு ஆட்டி வையுங்க, திங்கும். இந்த வயசுல வயித்தைக் காயப்போட்டீங்கன்னா பின்னாடி எத்தனை கொட்டினாலும் ஏறாது. பசுந்தட்டு போடுங்க. ஒரே தறியில கட்டி வெக்காதீங்க, தினமும் நாலு கன்னோட அவுத்து விட்டு ஓட விடோணும். படுத்துச்சுன்னா எழுப்பாதீங்க, தூங்கறப்பத்தான் அது வளருது. வேர்வை நாத்தம் அடிக்கும், கழுவி விடுங்க. முட்ட வந்தா அடிச்சுப் போடாதீங்க, இப்ப அடிச்சா ஆயுசுக்கும் மறக்காது. இன்னும் நுகத்தடியும் வெக்காதீங்க. அப்புறம் முக்கியமான ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. கண்டவன் வந்து கண்ட மருந்தைக் கொடுத்தா அதன் வாயில ஊத்திப்போடாதீங்க."

கடைசி வார்த்தை வாயைவிட்டுப் போனதும் செங்கோடன் நின்றார். கன்று மறுபடி கொம்பைத் தேய்க்கத் தொடங்கியது.

"இந்தக் கன்னு தன்னை நினைச்சுப் பயந்துக்கலையே, தரகரே?" என்றார் சாமி.

"மாடு எதுக்குங்க பயப்படும்? அதுக்கு என்ன நோட்டீஸ் வாசிக்கவா தெரியும்?"

"உங்க பையனுக்குத் தெரியும்."

செங்கோடன் கட்டுத்தறியைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்கு, நான் போய் அவன்கிட்ட அதெல்லாம் பேச முடியுங்களா? பெத்த அப்பன். அவன் என்னைப் பார்க்கவே கூசறான். நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அந்தப் பேச்சை எடுப்பேன்? மருவாதின்னு ஒண்ணு இல்லீங்களா?"

"வாயால பேச வேண்டாம்."

சாமி அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். தன் கையை நீட்டி, செங்கோடன் கையை அதன்மேல் வைத்து, இரண்டையும் துண்டால் மூடினார். சந்தையில் தரகர்கள் அப்படித்தான் விலை பேசுவார்கள். சுற்றிலும் நூறு பேர் நின்றாலும் துணிக்கடியில் விரல் பிடித்த விலை இருவருக்கு மட்டுமே தெரியும்.

"இப்படிச் சொல்லுங்க. ஒருத்தருக்கும் கேட்காது, உங்க மருவாதியும் போகாது. அவன் சாகப்போறதில்லைன்னு விரல்ல சொல்லுங்க பார்க்கலாம்."

முப்பது வருஷப் பழக்கம். செங்கோடனின் விரல்கள் தாமாகவே சாமியின் இரண்டு விரலைப் பிடித்தன. பிறகு நான்கைப் பிடித்தன. பிறகு விட்டுவிட்டன.

"இதுல விலைதானுங்க சாமி சொல்லலாம்."

"வேற ஒண்ணும் முடியாதா?"

"முடியாதுங்க."

சாமி துண்டை மடித்து அவர் தோளிலேயே திரும்பப் போட்டார்.

செங்கோடனுக்குச் சுருக்கென்றது. தோற்ற பேரத்தை அவர் என்றைக்கும் அப்படியே விட்டவரில்லை.

"சரிங்க, ஒண்ணு கேக்கறேன். எனக்கு எவன் சொன்னான்? எங்கப்பனுக்கு நான் இருக்கறதே நெனப்பில்ல. நானா வளரலையா? இன்னிக்கு இந்தச் சந்தையில என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு உண்டுங்களா?"

"பதினாலு வயசுல எங்கே இருந்தீங்க?"

"மைசூர்ப் பக்கமிருந்து மாடு ஓட்டிக்கிட்டு வர்ற கூட்டத்துல. இருபது நாள் நடை."

"குரல் உடைஞ்சப்போ?"

செங்கோடன் கன்றின் பக்கம் திரும்பிக்கொண்டார். சாமி அவசரப்படுத்தவில்லை. கன்றின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"எங்க கூட்டத்துல முத்தான்னு ஒருத்தன் இருந்தான்" என்றார் செங்கோடன். குரல் இறங்கியிருந்தது. "இருமி இருமியே செத்தான். சாகறதுக்கு முன்னாடி அவன் தொண்டை கட்டிப்போய்க் கரகரன்னு பேசினான். அடுத்த நடையில என் குரலும் அப்படியே ஆச்சுங்க. உடம்புல வேற என்னென்னமோ ஆச்சு. சரி, முத்தானைப் பிடிச்சது நம்மளையும் பிடிச்சிருச்சுன்னு நெனச்சேன். மத்தவங்களுக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னு தனியாத் தின்னேன். எட்டு மாசம் மாட்டுக்கு நடுவுலயே படுத்துக் கிடந்தேன். மிதிச்சுப்போட்டா நல்லதுன்னுகூட நெனச்சதுண்டு."

"யாரும் கேட்கலையா?"

"கேட்டானுங்களே. என்றா, தவளையை முழுங்கிட்டயான்னு கேட்டுச் சிரிச்சானுங்க." செங்கோடன் கட்டுத்தறியில் ஓங்கி அறைந்தார். கன்று மிரண்டு நகர்ந்தது. "பதினாறு ஆம்பளைங்க சாமி. அத்தனை பேரும் அந்த வயசைத் தாண்டி வந்தவனுங்க. மாட்டுக்குப் பல்லு போட்டா எட்டு ஊருக்குக் கேக்கற மாதிரி பேசறவனுங்க. அதுல ஒருத்தன், ஒரே ஒருத்தன், என்ற பக்கத்துல உட்கார்ந்து, இது சீக்கில்லடா, எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, சோத்தைத் தின்னுன்னு சொல்லியிருக்கக் கூடாதா? நாக்கு என்ன அழுகியா போயிருந்துச்சு? ஒருத்தன் வரலீங்களே."

சாமி கயிற்றைக் கீழே விட்டு, செங்கோடன் தோளில் கை வைத்தார்.

"முப்பத்துநாலு வருஷமா அந்த ஒருத்தன் வரலை" என்றார். "இன்னும் எத்தனை நாள் கடத்துவான்? பூபதி ஒன்பது நாளாப் பட்டினி கிடக்கான். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள வந்து, பையன் பக்கத்துல உட்கார்ந்து, வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்க அந்த ஆளை."