ராஜா கண்ட பிடரிமயிர்

முன்னொரு காலத்தில் வெண்குன்றம் என்ற நாட்டைக் கேசரிவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். முன்னொரு காலம் என்றால் ரொம்ப முன்னால் இல்லை. அரண்மனைக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ராஜாவுக்கு நிஜப் போர் என்றால் ஆகவே ஆகாது. கம்ப்யூட்டரில் கோட்டை பிடிக்கிற விளையாட்டு என்றாலோ சாப்பாடு வேண்டாம், தூக்கம் வேண்டாம். கூட உட்கார்ந்து ஆட ராணியின் தம்பி கார்வண்ணன் இருந்தான். அவன் ராஜாவை அத்தான் என்பான். ராஜா அவனை மாப்பிள்ளை என்பார்.

அந்த வருஷம் புதிதாக ஒரு விளையாட்டு வந்தது. ராஜாவின் பழைய கம்ப்யூட்டரில் அதைப் போட்டால் படை திக்கித் திக்கி நடந்தது. குதிரை பாய்வதற்குள் எதிரி கோட்டைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். படத்தைத் தடங்கலில்லாமல் ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். கார்வண்ணன் ஒன்று வாங்கிவந்தான். சின்னது, ஒரே விசிறி. தளவாய் உக்கிரசேனரும் ஒன்று கொண்டுவந்து வைத்தார். செங்கல் கனம், மூன்று விசிறி, ஏழு நிறத்தில் மின்னும் விளக்கு வேறு. ராஜாவுக்குப் பக்கத்தில் தினமும் உட்காருகிறவன் கார்வண்ணன் என்பதில் தளவாய்க்கு நெடுநாள் எரிச்சல்.

எது நல்லது என்று ராஜா சபையிலேயே கேட்டார். கார்வண்ணன் ஒளிக்காமல் சொன்னான். வலு பெரியதற்குத்தான் அதிகம். ஆனால் அத்தானின் மானிட்டர் பழசு, அவ்வளவு வலுவையும் அது காட்டாது, சின்னதே போதும் என்றான்.

தளவாய் தொண்டையைச் செருமினார். "ராஜாவிடம் போதும் என்று சொல்லும் துணிச்சல் உறவுக்காரருக்குத்தான் வரும்."

சபை சிரித்தது. ராஜாவுக்குச் சுருக்கென்றது. "என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு எனக்கே அளவு சொல்கிறாயா?" என்று கேட்டுவிட்டார்.

கார்வண்ணன் சபையை விட்டு எழுந்து போனான். அன்று மதியமே தன் ஊருக்குப் போய்விட்டான். அதற்கப்புறம் ராணி ராஜா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

தளவாய் தம் கையாலேயே பெரிய கார்டைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பொருத்தினார். விசிறி சுற்றியது, நிறம் மின்னியது. ராஜா ஆட உட்கார்ந்தார். குதிரை முன்போலவே திக்குவதாகத்தான் அவருக்குப் பட்டது. ஆனால் மைத்துனனை விரட்டிவிட்டுப் போட்ட கார்டு அது; திக்குகிறது என்று எந்த வாயால் சொல்வது? "ஆகா" என்றார். உடனே சபையும் ஆகா என்றது.

மந்திரி குழல்வாய்மொழி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மையார் பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார், பேசாமல் திரும்பி வந்தார். நேரே சொன்னால் கார்வண்ணனுக்கு நேர்ந்த கதிதான் என்று அவருக்குத் தெரியும். சில நாள் கழித்து, இரண்டு கார்டையும் சபையில் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம், சந்தேகமே இல்லாமல் போகட்டும் என்று ராஜாவிடம் சொன்னார். தளவாய்க்குப் பரம சந்தோஷம்.

அந்த நாளும் வந்தது. உள்ளே இருப்பது எந்தக் கார்டு என்று பார்த்துவிட்டு ஒருவரும் சொல்லக்கூடாது என்று மந்திரி பெட்டியின் மேல் பட்டுத்துணி போர்த்தியிருந்தார். ராஜா ஒரு ஆட்டம் ஆடினார். இது சின்னதுதான், பார்க்கவே சகிக்கவில்லை என்றார் தளவாய். மந்திரி துணிக்குள் கைவிட்டு ஏதோ செய்தார். மறுபடி ஆட்டம் நடந்தது.

"இதுதான் பெரியது," என்றார் தளவாய். "குதிரையின் பிடரிமயிர் ஒவ்வொன்றாகத் தெரிகிறதே."

"எனக்கும் தெரிகிறது," என்றார் ராஜா.

மந்திரி ஒரு வெள்ளித் தட்டை வரவழைத்து ராஜா முன் வைத்தார். அதில் இரண்டு கார்டுகளும் இருந்தன.

ராஜா தட்டையே பார்த்தார். "அப்படியானால் நான் எதில் ஆடினேன்?"

"பழைய கம்ப்யூட்டரில்தான், மகாராஜா. இரண்டு ஆட்டத்திலும் உள்ளே கார்டே இல்லை. இத்தனை நாளும் கார்டு உள்ளே இருந்தும் பயன் இல்லை. மானிட்டர் கேபிளைக் கார்டில் செருக வேண்டும். தளவாய் அதைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டார். கார்டு விளக்கு எரித்துக்கொண்டு சும்மா இருந்தது."

மந்திரி கார்வண்ணனின் சின்னக் கார்டைப் பொருத்தி, கேபிளை அதில் செருகினார். குதிரை பாய்ந்தது. பிடரிமயிர் காற்றில் அலைந்தது. அதைப் பார்க்கப் பார்க்க ராஜாவின் முகம் சுருங்கியது. விளையாட்டை நிறுத்தச் சொன்னார்.

பிடரிமயிர் நிஜமாகவே தெரிந்ததா என்று தளவாயைக் கேட்டார். தளவாய் தரையைப் பார்த்துக்கொண்டு, மகாராஜாவே ஆகா என்ற கார்டில் ஒன்றும் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது என்றார். அவரைத் தண்டிக்க ராஜா வாயெடுத்தார், முடியவில்லை. அதே பொய்யைத்தானே தாமும் சொல்லியிருந்தார். இருவருக்கும் ஒரே தண்டனை என்று தளவாயின் தலைப்பாகையைக் கழற்றச் சொல்லி, தம் கிரீடத்தையும் கழற்றித் தட்டில் வைத்தார்.

பிறகு மந்திரியின் பக்கம் திரும்பி, என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்.

"சிரித்த சபை அப்படியே கூடட்டும். கார்வண்ணர் வரட்டும். அன்று பேசிய வாயே அவரிடம் பேசட்டும்."

அரை ராஜ்யம் கேட்டிருந்தால் ராஜா அப்போதே கொடுத்திருப்பார். இதற்கு அன்று முழுக்க யோசித்தார். மறுநாள் தாமே புறப்பட்டுப் போய்க் கார்வண்ணனை அழைத்தார். அவன் முதலில் மாட்டேன் என்றான். கடைசியில் அக்காவுக்காக வந்தான்.

சபை கூடியது. நிமிர்ந்த தலை ஒன்றுகூட இல்லை. ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி அவன் முன்னால் நின்றார்.

"மாப்பிள்ளை, நீ சொன்னது சரி என்று அன்றைக்கே எனக்குப் பட்டது. ஆனால் எல்லாரும் சிரித்ததும் வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கத்தை உன் தலையில் கொட்டினேன். அந்த வார்த்தையைத் திரும்ப அள்ள முடியவில்லை. மன்னித்துக்கொள்."

கார்வண்ணனுக்குக் கண் கலங்கியது. "உட்காருங்கள், அத்தான். நீங்கள் இப்படி நிற்பதை அக்கா பார்த்தால் என்னைத்தான் திட்டுவாள்."

ராணி பக்கத்து வாசலிலேயே இருந்தாள். திட்டவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜாவும் நின்றார். கேசரிவர்மன் நின்ற கதை இவ்வளவுதான்.