பட்டாசுக் காகிதம் கிடந்த இடம்

வீதிகளை வடிவமைக்கச் சொல்லித்தரும் வஹீதாவுக்கு முப்பத்தாறு வயது. அவளிடம் மாணவராக வந்து சேர்ந்த கொழுந்துவேலுக்கு ஐம்பத்து மூன்று. நகராட்சிப் பொறியாளர். ஆபீஸ் ஜீப்பில்தான் போக்குவரத்து. ஊரில் பாதி ரோடு அவர் போட்டது. சின்னப் பெண்ணிடம் போய்ப் பாடம் கேட்கிறாரே என்று ஆபீசில் சிரித்தார்கள். சிரித்தவர்களோடு அவர் சண்டைக்குப் போகவில்லை. தினமும் வஹீதாவோடுதான் சண்டைக்குப் போனார்.

ஐப்பசியில் அந்தச் சண்டை முற்றியது.

ஆஸ்பத்திரி முக்கில் எப்போதும் நெரிசல். இரண்டு பக்க நடைபாதையையும் உடைத்து ரோட்டை அகலமாக்குவது, பஸ் நிறுத்தத்தை அரை கிலோமீட்டர் தள்ளிப் போடுவது என்று நகராட்சி திட்டம் போட்டிருந்தது. தீபாவளி கழிந்து வரும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கொழுந்துவேல் கையெழுத்துப் போட்டால் திங்களன்று கடப்பாரை இறங்கிவிடும்.

“நடக்கறவன், சைக்கிள்காரன், பஸ்ஸு, காரு, எல்லாருக்கும் எடம் குடுங்கறீங்க. ரோடே நாப்பத்தெட்டு அடி. வண்டிக்கே பத்தல. மிச்சத்துக்கு நான் எங்க போறது மேடம்?”

“பத்தலைன்னு யார் சொன்னா?”

“நானே நின்னு கணக்கெடுத்தேன்.” நோட்டை நீட்டினார்.

வஹீதா புரட்டினாள். “மாட்டு வண்டிக்குக்கூடக் கட்டம் போட்டிருக்கீங்க. இந்த ஊர்ல மாட்டு வண்டி கடைசியா எப்ப பாத்தீங்க?”

“அது படிவத்துலயே இருக்கறது.”

“நடந்து போறவங்க எந்தக் கட்டத்துல இருக்காங்க?”

அவர் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “அதெல்லாம் சரி. எடம் எங்க இருக்கு? காட்டுங்க, கையெழுத்துப் போடாம வர்றேன்.”

“தீபாவளி முடியட்டும்.”

தீபாவளியன்று கடைக்காரர்கள் முக்கு முழுக்கச் சரவெடி வெடித்தார்கள். ஓரத்திலிருந்து ஓரம் வரை சிவப்புக் காகிதம். சாயங்காலம் தூறல் விழுந்து அது தாரோடு ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலை பவுனு துடைப்பத்தோடு வந்தார். அந்த வீதியைக் கூட்டுகிறவர். கொழுந்துவேலோடு அங்கே நின்றிருந்த வஹீதா அவரை மறித்தாள்.

“பவுனக்கா, இந்த முக்கை மட்டும் வெள்ளி வரைக்கும் கூட்டாதீங்க.”

“குப்பைய அள்ளாம விட்டா மேஸ்திரி என்னைய அள்ளிடுவாரு கண்ணு.”

“இந்த சார் சொன்னாருன்னு சொல்லுங்க.”

பவுனு கொழுந்துவேலை ஏற இறங்கப் பார்த்தார். “எங்க பஸ் ஸ்டாப்பத் தூக்கப் போற சார்தானே? இந்த மூட்டு வலியோட என்னைய அரை கிலோமீட்டர் நடக்க விடப் போறவரு. நல்லா இருக்கட்டும்.”

கொழுந்துவேல் மேஸ்திரிக்குப் போன் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை. பள்ளிக்கூடமும் ஆபீசும் திறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. வஹீதா அவரை ஜவுளிக்கடை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனாள்.

“கீழ பாருங்க.”

நடுவில் பஸ்ஸும் காரும் பைக்கும் நெருக்கியடித்து ஓடிக்கொண்டிருந்தன. சக்கரம் பட்ட இடமெல்லாம் தார் கறுப்பாகத் தெரிந்தது. இரண்டு ஓரமும் சிவப்பு. பஸ் திரும்பும் முனையில், ஒரு வீடு கட்டலாம் போலப் பெரிய சிவப்பு முக்கோணம். இத்தனை நாளில் ஒரு சக்கரமும் அதன்மேல் ஏறியிருக்கவில்லை.

“பண்டிகை வாரம். வண்டி கம்மி.”

“எண்ணுங்க. நோட்டு கையிலதானே இருக்கு.”

அரைமணி நேரம் எண்ணினார். கம்மி இல்லை.

“ஓரத்துல பைக் நிக்குதே?”

“நிக்குது. ஓடுதா?”

கொழுந்துவேல் டேப்பை எடுத்துக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கினார். ரோட்டோரத்தில் குந்தினார். டேப்பின் மறுமுனையை யாரும் சொல்லாமலே பவுனு பிடித்துக்கொண்டார்.

“மேடம், இந்தப் பக்கம் ஏழரை அடி!” கீழேயிருந்து கத்தினார். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னும் பலமாக, “இங்க எட்டு! முழுசா எட்டு!”

பதினோரு மணிக் கூட்டத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. அவசரமாகக் கையால் போட்ட புது வரைபடத்தை விரித்தார். வியாபாரிகள் சங்கத் தலைவர் எழுந்தார்.

“வண்டிக்காரன் எடத்தப் பிடுங்கி நடக்கறவனுக்குக் குடுப்பீங்களோ?”

“வண்டி தொடாத எடத்தத்தான் கேக்கறேன். நம்பலைன்னா வந்து பாருங்க. அங்க இன்னும் கூட்டல.”

கூட்டமே எழுந்து போய் மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தது. திரும்பி வந்து கை தூக்கியது. எதிர்த்து ஒரு கை இல்லை. சங்கத் தலைவர் கையும் மேலேதான் இருந்தது.

தை பிறந்தபோது முக்கு வேறாகியிருந்தது. நடைபாதை இரண்டு மடங்கு அகலம். அதை ஒட்டிச் சைக்கிளுக்குத் தடம். பைக்குகள் பின்சந்துக்குப் போய்விட்டன. முனையில் ரோட்டைக் கடக்கும் தூரம் பாதியாகிவிட்டது. பஸ் நிறுத்தம் அதே இடத்தில், கூரையோடு. பஸ்ஸும் காரும் முன்பு போலவே ஓடின. ஆஸ்பத்திரிக்குச் சக்கர நாற்காலியில் வந்த ஒரு அம்மா, தானே தள்ளிக்கொண்டு, ஒருவரையும் கூப்பிடாமல் போனார். பவுனு நடைபாதையின் நட்டநடுவில், கல்யாண வீட்டுக்காரி மாதிரி, “தள்ளுங்க, தள்ளுங்க” என்று நடந்து வந்தார். தள்ள வேண்டிய அவசியமே இல்லை.

“ஜெயிச்சிட்டோம் மேடம்!” கொழுந்துவேலுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிறகு குரல் இறங்கியது. “டெய்லி இதத் தாண்டித்தான் ஆபீஸ் போறேன். தீபாவளியும் வருஷா வருஷம் வருது. என் கண்ணுல மட்டும் ஏன் படல?”

வஹீதா கேட்டாள்:

“ஜீப்புல முன் சீட்லயா சார், பின் சீட்லயா?”